சம்மதக் கடிதத்தில் "விருப்பமில்லை" என்று எழுதிய உம்மாமார்



ஊர் உறவுகளுக்கு, குறிப்பாக தரம் 6 இல் பெண் பிள்ளைகள் படிக்கும் உம்மா வாப்பாமாருக்கும், எங்கள் பகுதியில் வேலை செய்யும் சுகாதாரத் துறைச் சகோதர சகோதரிகளுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். மஃரிபுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

எச்.பீ.வீ. தடுப்பூசிக்கான சம்மதக் கடிதம் மறுபடியும் பிள்ளைகளின் பையில் வீட்டுக்கு வரப்போகிறது. அது வருவதற்கு முதல், சில வருடங்களுக்கு முன் எங்கள் வகுப்புகளில் நடந்ததை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தோம். அதில் எங்கள் பிழையும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் ஒருவருக்கும் பிரயோசனம் இல்லை.

"நாங்கள்" என்று எழுதுவது அந்த வருடம் தரம் 6 க்குப் பொறுப்பாக இருந்த மூன்று ஆசிரியைகளை. யாருடைய பெயரும் வேண்டாம், பாடசாலையின் பெயரும் வேண்டாம். இதில் வரும் உம்மாவிடம் கேட்டு, அவர் "எழுதுங்க" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறோம்.

விசயத்துக்கு வருவோம்.

இந்த ஊசி நம் நாட்டுப் பாடசாலைகளுக்கு 2017 இல் வந்தது. தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு, ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள் என்றுதான் தொடங்கினார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் இருந்து பாதுகாப்பதற்கு. பெற்றோரின் சம்மதம் கேட்டுக் கடிதம் போகும். அந்த வருடம் எங்கள் மூன்று வகுப்பிலும் சேர்த்து 62 கடிதங்கள் போயின. திரும்பி வந்ததில் 19 இல் "விருப்பமில்லை" என்று இருந்தது.

சிலர் காரணமும் எழுதியிருந்தார்கள். "பிள்ளைக்கு வருத்தம் ஒன்றும் இல்லை." "வாப்பா கட்டாரில், அவர் வேண்டாம் என்கிறார்." பலர் ஒன்றும் எழுதவில்லை. கையெழுத்து மட்டும்.

காரணம் எங்களுக்குத் தெரியும். அந்தக் கிழமை ஊரெல்லாம் ஒரு குரல் பதிவு வட்ஸ்அப்பில் சுற்றியது. யார் பேசியது என்று தெரியாது. இந்த ஊசி போட்ட பிள்ளைக்குப் பிற்காலத்தில் குழந்தை கிடைக்காது, முஸ்லிம்களின் தொகையைக் குறைக்கும் திட்டம் இது என்று அதில் சொல்லியிருந்தார்கள்.

நாங்கள் செய்த முதல் வேலை, பெற்றோர் குழுமத்தில் எங்கள் பங்குக்கு ஒரு குரல் பதிவு போட்டது. "படித்தவர்கள் வாழும் ஊர் இது, வதந்திகளை நம்பி உங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பாழாக்க வேண்டாம்" என்ற தோரணையில். எல்லோரும் கேட்டிருந்தார்கள். ஒருவர்கூட பதில் போடவில்லை. அந்த அமைதியை நாங்கள் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டோம்.

இரண்டாவது, பெற்றோர் கூட்டம். ஒரு சுகாதார அலுவலர் வந்தார். பவர்பொயின்ட் போட்டு நாற்பது நிமிடம் பேசினார். வைரஸின் படம், புற்றுநோயின் படம், வரைபடங்கள். சொன்னது ஒவ்வொன்றும் சரியான விசயம். கடைசியில் "கேள்வி இருக்கா?" என்று கேட்டார். பின் வரிசையில் ஒரு உம்மா எழும்பி, "இதப் போட்டா மறுகா புள்ளைக்குப் புள்ள கிடைக்குமா?" என்று கேட்டார்.

அலுவலர் சிரித்துவிட்டார். "இந்தக் காலத்திலயும் இப்படிக் கேக்கிறீங்களே" என்றார். மேடையில் இருந்த நாங்களும் சிரித்தோம்.

அந்த உம்மா உட்கார்ந்துவிட்டார். வேறு யாரும் கேள்வி கேட்கவில்லை. அடுத்த நாள் ஏற்கனவே சம்மதம் தந்திருந்த ஏழு உம்மாமார் வந்து கடிதத்தை மாற்றித் தரச் சொன்னார்கள். 19 ஆக இருந்தது 26 ஆயிற்று.

அந்த அலுவலரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் நல்ல மனிதர். அந்தக் கிழமையே அவருக்கு எத்தனையோ பாடசாலை. களைத்துப்போய்த்தான் வந்திருந்தார். ஆனால் அவருடைய நாற்பது நிமிடச் சரியான பேச்சை அந்த ஒரு நிமிடச் சிரிப்பு தின்றுவிட்டது. அதில் பாதிச் சிரிப்பு எங்களுடையது.

கேள்வி கேட்ட உம்மா அடுத்த நாள் இடைவேளை நேரம் வந்தார். ஆசிரியர் அறையின் வாசலில் நின்றே பேசினார்.

"டீச்சர், நேத்து நீங்களும் சிரிச்சீங்க. நான் ஏ.எல். படிச்ச. ஊசி எண்டா என்னெண்டு தெரியாத ஆள் இல்ல. என்ட மூணு புள்ளைக்கும் ஒரு ஊசி தவறல்ல. கிளினிக் கொப்பியக் கொண்டுவந்து காட்டவா?"

நாங்கள் வேண்டாம் என்றோம். அவர் நிறுத்தவில்லை.

"2020 இல கொழும்பில எங்கட வாப்பா மௌத்தாகிட்டாரு. கொரோனா எண்டாங்க. எரிச்சிட்டாங்க. குளிப்பாட்டல்ல, கபனிடல்ல, தொழுவிக்கல்ல. அடக்கினா நிலத்தடித் தண்ணியில கிருமி கலக்கும் எண்டு சொன்ன ஆரு? படிச்சவங்கதானே? உலகம் முழுக்க அடக்கினாங்க. மறுகா ஒருநாள் இங்கயும் அடக்கலாம் எண்டாங்க. அப்ப முதல் சொன்னது என்ன? அதே வாயால இந்த ஊசி நல்லது எண்டு சொன்னா நான் எப்படி நம்புற டீச்சர்?"

எங்களில் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை.

அந்த நாட்கள் நம் யாருக்கும் மறக்காது. 2020 ஏப்ரலில் கொரோனாவில் மரணிப்பவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கவும் முடியும் என்று உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல் இருந்தும் கேட்கவில்லை. இருபது நாள் கைக்குழந்தையின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அனுமதி வந்து, மார்ச் மாதம் ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கினார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்பதாகத் தீர்மானித்தது. எரிக்கப்பட்டது எரிக்கப்பட்டதுதான்.

ஆக, அந்த உம்மா ஊசியை மறுத்த மாதிரித் தெரிந்தாலும், அவர் மறுத்தது ஊசியைக் கொண்டுவந்த வாயை. வைரஸின் படத்தை எத்தனை தரம் காட்டினாலும் அந்தக் கேள்விக்குப் பதில் வராது. இது எங்களுக்கு அன்றுதான் விளங்கியது.

வெட்கமாகவும் இருந்தது. ஏனென்றால் இது எங்கள் தொழிலிலேயே உள்ள பாடம். ஆசிரியர் கலாசாலையில் முதல் வருடமே சொல்லித் தந்தார்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று ஒரு பிள்ளை எழுதினால், உடனே சிவப்புப் பேனையால் கோடு போடாதே. "எப்படி இந்த விடை வந்தது மகள்?" என்று கேள். மேலே உள்ளதைக் கூட்டினேன், கீழே உள்ளதைக் கூட்டினேன் என்று பிள்ளை சொல்லும். பிழைக்குள்ளும் ஒரு வழி இருக்கிறது. அந்த வழியைத் தெரிந்துகொண்டால்தான் திருத்தலாம். பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கிற அந்த மரியாதையை அந்தப் பிள்ளையின் உம்மாவுக்கு நாங்கள் கொடுக்கவில்லை.

கிளினிக் நாளில் எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் பக்கத்துத் தமிழ்க் கிராமத்தைச் சேர்ந்தவர். மழை வெள்ளத்திலும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வந்தவர். எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் பலரைப் பிறந்த கிழமையிலேயே தூக்கி நிறுத்துப் பார்த்தவர்.

அவர் முதலில் சொன்னது இது: "டீச்சர், 'ஏன் போட மாட்டீங்க' எண்டு கேட்டா அவங்க ஒரு காரணத்தைத் தேடிப் பிடிச்சு, அதுலயே நிப்பாங்க. 'என்ன யோசனையா இருக்கு' எண்டு கேளுங்க. மனசில உள்ளது வரும்."

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு அவரோடு அந்த வீட்டுக்குப் போனோம். வாசல் திண்ணையில்தான் இருந்தோம். இஞ்சி பிளேன்ரீ வந்தது. மிஸ் ஊசியைப் பற்றித் தொடங்கவே இல்லை. மூத்த மகளின் ஓ.எல். ரிசல்ட்டைக் கேட்டார், சின்னவனின் இழுப்பு எப்படி என்று கேட்டார். பிறகு சொன்னார்:

"கடிதத்தில விருப்பமில்ல எண்டு போட்டிருக்கீங்களாம் தங்கச்சி. அது உங்கட முடிவு. நான் கையெழுத்து வாங்க வரல்ல. என்ன யோசனை எண்டு கேட்டுட்டுப் போகத்தான் வந்த நான்."

உம்மா வாப்பாவின் கதையை மறுபடி சொன்னார். எங்களிடம் சொன்னதைவிட நீளமாக. மிஸ் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"அது அநியாயம் தங்கச்சி. அது சரி எண்டு நான் ஒருநாளும் சொல்ல மாட்டன். எங்கட பக்கத்தில வேலை செய்த எத்தனையோ பேருக்கு அது பிழை எண்டு தெரியும். வாய் திறக்கல்ல. நானும் திறக்கல்ல."

உம்மா அழுதார். மிஸ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். சுகாதாரத் திணைக்களத்தின் சீருடையில் இருந்த ஒருவர் அதைச் சொல்லி அந்த உம்மா கேட்டது அதுதான் முதல் தரம் என்று பிறகு எங்களிடம் சொன்னார்.

அதன் பிறகுதான் மிஸ் கேட்டார்: "இந்த ஊசியப் பத்தி எனக்குத் தெரிஞ்சதச் சொல்லட்டா? வேணாமெண்டா தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போறன்." உம்மா "சொல்லுங்க மிஸ்" என்றார்.

பிள்ளை கிடைக்காது என்ற பயத்துக்கு அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பயம் நியாயம். பொம்பளப் புள்ளையப் பெத்த ஆருக்கும் வரும்" என்று தொடங்கினார். 2006 இல் இருந்து உலகத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். 2017 இல் உலக சுகாதார அமைப்பின் பாதுகாப்புக் குழு திரும்பப் பார்த்தபோது 27 கோடிக்கு மேற்பட்ட ஊசிகள் விநியோகிக்கப்பட்டிருந்தன. மலட்டுத்தன்மைக்கு இந்த ஊசிதான் காரணம் என்று எங்கும் தெரியவரவில்லை. பிறகு தன் அனுபவத்தைச் சொன்னார். "கருப்பைக் கழுத்தில புற்றுநோய் வந்து கருப்பையையே எடுத்த பிள்ளைகளப் பாத்திருக்கன் தங்கச்சி. கலியாணம் முடிச்சு ரெண்டு வருசம் ஆகாத பிள்ளையும் இருந்தது. அதப் பாத்த பிறகு எனக்கு ஊசியில பயமில்ல, அந்த நோயிலதான் பயம்."

இரண்டாவது கேள்வியை உம்மா தயங்கித் தயங்கித்தான் கேட்டார். இந்த வைரஸ் எப்படித் தொற்றுகிறது என்று கேள்விப்பட்டிருந்தார். "எங்கட புள்ளைகள் அப்படிப்பட்ட புள்ளைகளா மிஸ்? இந்த வயசில எதுக்கு இது?"

பல வீடுகளில் இதுதான் உண்மையான காரணம். கடிதத்தில் எழுத முடியாத காரணம். மிஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நிக்காஹ் முடிக்கிற எந்தப் பொம்பளைக்கும் இது வரலாம். உங்கட மகள் தங்கமாக இருப்பா. அவக்கு வரப்போற மாப்பிள்ளைக்கே தன்னட்ட வைரஸ் இருக்கிறது தெரியாம இருக்கலாம். தொற்றினாலும் ஒரு அடையாளமும் காட்டாது. அது புற்றுநோயாக மாற பத்து, இருபது வருசம் எடுக்கும். தொற்ற முதல் போட்டாத்தான் ஊசிக்கு வேலை. இந்த வயசில உடம்பு நல்லாப் பிடிச்சுக்கொள்ளும். சின்னதில போலியோச் சொட்டு கொடுத்தமே, அந்த நேரம் பிள்ளைக்குப் போலியோ இருந்ததா?"

தீமையையும் அவர் மறைக்கவில்லை. கை நோகும், வீங்கலாம், காய்ச்சல் வரலாம். இந்த வயதுப் பிள்ளைகள் ஊசி போட்டதும் சில நேரம் மயங்கி விழுவார்கள், பயத்தில் வருவது, ஆகையால் கால் மணித்தியாலமாவது இருத்தி வைத்துப் பார்ப்போம். அரிதாக ஒவ்வாமை வரலாம், அதற்கு மருந்தோடுதான் வருவோம். முன்பு ஏதாவது ஊசிக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள் என்றார். இந்த ஊசி ஏறக்குறைய 70 சதவீதம் புற்றுநோய்க்குக் காரணமான இரண்டு வகை வைரஸுக்கு எதிரானது, மிச்சத்துக்கு 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்குக்கு வந்து பரிசோதிக்கத்தான் வேண்டும், ஊசி போட்டதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள் என்றும் சொன்னார். "உங்களுக்கு 35 ஆகிட்டுதானே, நீங்க வந்தீங்களா?" என்று அவர் கேட்டபோது அந்த உம்மா அன்று முதல் தரம் சிரித்தார். வரவில்லை. உண்மையைச் சொன்னால், எங்களில் ஒருவரும் போயிருக்கவில்லை.

அதற்குள் வீட்டுக்காரரும் வந்துவிட்டார். அவர் ஹோட்டலில் கொத்து போடுகிறவர். ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "2018 இல அம்பாறையில நம்மட ஆக்கள்ர கடையில கொத்துல மலட்டு மாத்திரை போட்டதாகச் சொல்லித்தானே அடிச்சு நொறுக்கினாங்க. அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில இல்ல எண்டு பிறகு டொக்டர்மார்தான் சொன்னாங்க. மா உருண்டை எண்டு ரிப்போர்ட்டும் வந்திச்சு. இப்ப நம்மட போன்ல வாறதும் அதே கதைதானே."

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த மனிதர் அந்தக் காலத்தில் வேலைக்குப் போகப் பயந்து இரண்டு கிழமை வீட்டில் இருந்தவர். நம்மைப் பற்றிச் சொன்ன மலட்டுப் பொய் எப்படி ஒரு இரவில் பரவியது என்று நமக்குத் தெரியும். அதே மாதிரியான ஒன்று நம் கையில் வரும்போது, அதை ஒருதரம் திருப்பிப் பார்க்காமல் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம்.

அன்று அந்த உம்மா கையெழுத்து வைக்கவில்லை. "ராத்தாட்டக் கேட்டுச் சொல்றன் மிஸ்" என்றார். மிஸ் "கேளுங்க, நல்லாக் கேளுங்க. பாடசாலையில போடாட்டியும் பரவாயில்ல, கிளினிக்ல வந்தும் போடலாம்" என்று தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு எழும்பினார்.

அதற்குப் பிறகு பெரிய கூட்டம் வைக்கவில்லை. ஏழு எட்டு உம்மாமார் வீதம், வீடுகளில் சிறு கூட்டங்கள். எம்.ஓ.எச். டொக்டரும் இரண்டுக்கு வந்தார். ஒன்றில் பன்றியின் ஜெலட்டின் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவர் "எனக்கு இப்ப நிச்சயமாகத் தெரியாது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார். இரண்டு நாளில் ஊசி மருந்தோடு வரும் தாளின் பிரதியை எடுத்துக்கொண்டு வந்து, உள்ளே இருக்கும் பொருட்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். ஜெலட்டின் இல்லை. ஊர் மௌலவியும் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "தெரியாது" என்ற சொல் டொக்டரின் மதிப்பைக் கூட்டியதை அன்றுதான் கண்டோம்.

இன்னொரு உம்மா, ஊசியால் பிள்ளைகள் மௌத்தானதாகக் கேள்விப்பட்டோமே என்றார். டொக்டர் மழுப்பவில்லை. 2008 இல் ஐந்து நோய்க்கான கூட்டு ஊசி நாட்டுக்கு வந்து சில மாதங்களில், போட்ட பிறகு சில குழந்தைகள் மரணித்ததால் அந்த ஊசியை நிறுத்தினார்கள், நிபுணர்கள் ஆராய்ந்து பார்த்தார்கள், ஊசிதான் காரணம் என்று நிறுவப்படவில்லை, 2010 இல் திரும்பத் தொடங்கினார்கள் என்று சொன்னார். "சந்தேகம் வந்தா நிறுத்திப் பார்ப்போம். இதுவும் அப்படித்தான்" என்றார்.

ஊசி நாள் வந்தது. 26 ஆக இருந்த மறுப்பு 5 ஆகியிருந்தது. அந்த உம்மா மகளோடு கூடவே வந்து, ஊசி போடும்வரை மகளின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். ஒரு பிள்ளை மயங்கியது. முதலே சொல்லியிருந்தபடியால் யாரும் கூச்சல் போடவில்லை, படமெடுத்து பேஸ்புக்கில் போடவும் இல்லை. கால்களை உயர்த்திப் படுக்க வைத்தோம், பத்து நிமிடத்தில் எழும்பிப் பால் குடித்தது.

அந்த ஐந்து வீட்டோடும் நாங்கள் முகம் திருப்பவில்லை. அதில் ஒரு பிள்ளை அடுத்த வருடம் கிளினிக்கில் போட்டுக்கொண்டதாகக் கேள்வி. மற்ற நால்வர் போடவில்லை. எல்லோரும் மனம் மாறினார்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் அது உண்மை இல்லை.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். ஜப்பானில் 2013 இல் இதே ஊசியைப் பற்றிப் பயம் பரவியபோது அரசாங்கம் பரிந்துரைப்பதையே நிறுத்திவைத்தது. 70 சதவீதம் அளவில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்தார்கள். திரும்பப் பரிந்துரைக்கத் தொடங்கியது 2022 இல். நம்பிக்கை போக ஒரு கிழமை போதும், திரும்பி வர ஒன்பது வருடம்.

நம் நாட்டையே பாருங்கள். 1993 க்குப் பிறகு இங்கே போலியோ இல்லை. 2019 இல் சின்னமுத்து ஒழிந்த நாடு என்று சான்றிதழும் கிடைத்தது. ஆனால் 2023 இல் சின்னமுத்து திரும்ப வந்தது. 2024 ஜனவரியில் ஒன்பது மாதம் ஆகாத கைக்குழந்தைகளுக்கும் மேலதிக ஊசி போட வேண்டி வந்த ஒன்பது பகுதிகளில் நம் கல்முனைப் பிராந்தியமும் ஒன்று. ஊசி போடாத ஒரு சிறு கூட்டம் இருந்தால் நோய் அந்த வழியால் உள்ளே வந்துவிடும்.

சுகாதாரத் துறைச் சகோதரர்களே, நாங்கள் டொக்டர்கள் இல்லை. ஆனாலும் ஒரு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்ததை வைத்துச் சில வேண்டுகோள்கள்:

1. பேச முதல் கேளுங்கள். "என்ன யோசனை?" என்று கேட்டுவிட்டு, அவர் முடிக்கும்வரை பொறுங்கள். இரண்டு நிமிடம்தான் போகும்.

2. எந்தக் கேள்விக்கும் சிரிக்காதீர்கள். ஒரு உம்மாவைப் பார்த்துச் சிரித்தால் அந்த மண்டபத்தில் இருக்கும் அத்தனை உம்மாமாரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

3. நடந்த அநியாயத்தை அநியாயம் என்று சொல்லுங்கள். அதற்கு நீங்கள் பொறுப்பு இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் உங்கள் சீருடை அங்கே இருந்தது.

4. அவர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். ஒரு பயத்தோடு வந்தவருக்குப் பத்துத் தகவலைக் கொட்டினால், வந்த பயம் அப்படியே வீட்டுக்குப் போகும்.

5. பக்க விளைவுகளை முதலே சொல்லுங்கள். உங்கள் வாயால் கேட்டிருந்தால் அது தகவல். பிறகு வட்ஸ்அப்பில் கேட்டால் அது மறைத்த இரகசியம்.

6. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தேடிக்கொண்டு திரும்பி வாருங்கள். திரும்பி வருவதுதான் முக்கியம்.

7. வேண்டாம் என்றவருக்கும் கதவைத் திறந்து வையுங்கள். இன்று மறுத்தவர் ஆறு மாதத்தில் வரலாம். அவமானப்பட்டவர் வரமாட்டார்.

உம்மா வாப்பாமாரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேள்வி கேட்பது உங்கள் உரிமை. பயம் இருந்தால் அதைக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். "இது பயமாக இருக்கிறது, யாராவது பேசுவார்களா?" என்று ஒரு வரி போதும். மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள், எம்.ஓ.எச். காரியாலயத்தில் கேளுங்கள். போனில் வரும் பெயரில்லாத குரலிடம் நீங்கள் திருப்பிக் கேட்க முடியாது. நாளைக்கு ஏதாவது நடந்தால் அந்தக் குரல் உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரவும் மாட்டாது.

ஆசிரிய நண்பர்களுக்கு: சம்மதக் கடிதத்தைப் பிள்ளையின் பையில் போட்டு அனுப்புவதோடு நம் வேலை முடிவதில்லை. "விருப்பமில்லை" என்று வந்தால் சிவப்புப் பேனையை எடுக்காமல் ஒரு கோல் எடுத்துப் பேசுங்கள்.

அன்று சிரித்ததற்காக அந்த உம்மாவிடம் நாங்கள் மூவரும் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்ல டீச்சர்" என்றார். போன மாதம் சந்தையில் சந்தித்தபோது ஒரு செய்தி சொன்னார். சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய்ப் பரிசோதித்து வந்தாராம், அல்ஹம்துலில்லாஹ் ஒரு பிரச்சினையும் இல்லையாம். தன் ராத்தாவையும் கூட்டிப் போனாராம். பிறகு எங்களைப் பார்த்து, "நீங்க போனீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

ஒருத்தி போய்விட்டோம். மற்ற இருவரும் வருகிற செவ்வாய்க்கிழமை போகிறோம், இன்ஷா அல்லாஹ்.

அவருடைய வாப்பாவுக்காகவும், அந்த நாட்களில் அப்படி அனுப்பி வைக்கப்பட்ட அத்தனை பேருக்காகவும் துஆச் செய்யுங்கள். பிரயோசனம் என்று நினைத்தால் தரம் 6 பெற்றோர் குழுமங்களில் பகிருங்கள். கேள்விகள் இருந்தால் கீழே எழுதுங்கள். எங்களுக்குத் தெரியாததை மிஸ்ஸிடம் கேட்டு வந்து சொல்கிறோம். யாரும் சிரிக்க மாட்டோம்.